பூ விரிந்திருக்கும் வீடு

அந்த வாரமும் பெர்பெத்தம்மாவின் பூ முழுதாக விரிந்தே இருந்தது. அதனால் யாரும் வரவில்லை.

தூத்துக்குடிக் கடற்கரைக் குடியிருப்பில் தனியாக வாழும் முதியவர் ஒவ்வொருவர் வீட்டிலும் துணை வாரியம் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தது. தொட்டியில் கடல்நீர், அதற்குள் துணைச்சாமந்தி எனப்படும் ஒரு கடற்சாமந்தி. பார்வைக்குப் பூவானாலும் அது ஒரு விலங்கு. ஒற்றைப் பாதத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு, இதழ் போன்ற கைகளை ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கும். அறையின் காற்று குமிழ்க்குழாய் வழியே அந்த நீரில் இறங்கும். மனிதர் நாள்கணக்கில் தனிமையில் வாடினால் மூச்சில் ஒருவகைக் கசப்பு சேர்கிறது, அதை முகர்ந்ததும் கடற்சாமந்தி சுருங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தவர்கள், அந்த மோப்பத்தைக் கூர்மையாக்கி இந்த இனத்தை வளர்த்தெடுத்திருந்தார்கள். பூ சுருங்கினால், தொட்டியில் பொருத்திய நிலைக்கண் அதைப் படம்பிடித்து வாரியத்துக்குச் செய்தி அனுப்பும். ஒரு துணையாள் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். பிள்ளைகளின் மணிக்கட்டுத் திரையிலும் அந்தப் பூ எந்நேரமும் தெரியும்.

நல்ல ஏற்பாடு என்றுதான் ஊர் சொன்னது. முன்பு "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பதற்காகவாவது கூப்பிட்ட பிள்ளைகள், இப்போது மணி பார்ப்பது போல மணிக்கட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

பெர்பெத்தம்மா தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் ஜெரால்டு கோயம்புத்தூரில். வேகத்தொடரியில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவன் அப்பாவின் நினைவுப் பூசை வரும் ஞாயிற்றுக்கிழமை. போன வருடமும் அவள் தனியாகத்தான் முழந்தாளிட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "பூ நல்லா விரிஞ்சிருந்துதேம்மா. நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னுதான் லீவு போடல" என்றான்.

பூ விரியாமல் என்ன செய்யும்? அவள் பார்த்துக்கொண்ட பார்வை அப்படி. இறாலைப் பொடியாக நறுக்கி இடுக்கியால் ஊட்டுவாள். கண்ணாடியில் படரும் பாசியைத் துடைப்பாள். தொட்டியில் நீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு வெறும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதில் ஒருநாளும் தவறியதில்லை. அந்த வளாகத்திலேயே சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பூ இருந்தது அவள் வீட்டில்தான்.

"இப்படிச் சீராட்டுனியன்னா ஒரு காக்காகூட உங்க வீட்டுக்கு வராது, டீச்சர்" என்றாள் எதிர்வீட்டு இசக்கியம்மாள். "நல்ல தண்ணிக்குப் பதிலா ரெண்டு நாளு உப்புத்தண்ணிய ஊத்துங்க. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடும். எம் மவன் போன மாசம் அல்வாவோட வந்து நின்னாம்லா."

"அது ஒரு உயிருல்லா, இசக்கி."

"நம்ம மட்டும் என்னவாம்?"

பெர்பெத்தம்மா அந்தக் கேள்வியோடு வீட்டுக்குள் வந்தாள். புதன்கிழமை ஒரு செம்பு உப்புநீரை ஊற்றினாள். சாயங்காலம்வரை ஒன்றும் ஆகாததால் இன்னொரு செம்பு ஊற்றினாள்.

வியாழக்கிழமை காலையில் ஜெரால்டே கூப்பிட்டான். "அம்மா, என்னாச்சு? பூவப் பாத்ததும் பதறிட்டேன். சனிக்கிழமை வண்டிக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

அவன் குரல் நடுங்கியது. அதைக் கேட்க அவளுக்கு இனிப்பாக இருந்தது. சனிக்கிழமைக்கு என்ன மீன் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டே தொட்டிப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பூ நிறம் வெளுத்து, கை முஷ்டி அளவுக்குச் சிறுத்திருந்தது. வாய் பிளந்திருந்தது. பாதம் பாறையை விட்டுவிட்டதால் ஒருக்களித்துக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் வாரியத்தின் துணையாள் வந்தான். ஆவுடையப்பன் என்று பெயர், காதோரம் நரைத்தவன். வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தொட்டியைப் பார்த்தான். உப்புமானியை நீரில் முக்கி எடுத்தான்.

"உப்பு ஏறிக் கெடக்கேம்மா."

"நான்தான் ஊத்துனேன், தம்பி." மறைக்க அவளுக்கு வாய் வரவில்லை. "எம் மவன் வரணும்னு ஊத்துனேன்."

அவன் கடிந்துகொள்ளவில்லை. "இந்த வளாகத்துல பாதி வீட்டுல இதே நோவுதாம்மா. நீங்க ஒருத்தராவது வாயத் தொறந்து சொன்னியளே."

"பொழைக்குமா?"

"பொழைக்கும். ஆனா ஒரேயடியா நல்ல தண்ணிய ஊத்துனா தாங்காது. ஒரு டம்ளர் எடுத்துட்டு ஒரு டம்ளர் விடணும், பொறுத்திருந்து திரும்ப விடணும். சாயங்காலம் ஆயிரும்." உப்புமானியைத் துடைத்து வைத்தான். "பொழச்சா விரிஞ்சிரும்மா. விரிஞ்சா உங்க மவன் பாத்துருவாரு."

"சனிக்கிழமை வரைக்கும் இப்படியே தாங்குமா?"

"தாங்காது. செத்தாலும் வாரியம் வேற பூ குடுக்கும். உங்க மேல குத்தம் வராது. நானும் சொல்ல மாட்டேன். நீங்கதாம்மா முடிவு சொல்லணும்."

அவள் குனிந்து பார்த்தாள். எல்லாக் கைகளும் ஒடுங்கிப்போயிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் விட்டுப்போன பாறையைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழந்தாளிடலாம். ஆனால் எந்த முகத்தோடு ஆண்டவருக்கு நன்றி சொல்வது?

"அந்த டம்ளர எடுங்க, தம்பி" என்றாள்.

ஒரு டம்ளர் எடுத்தார்கள், ஒரு டம்ளர் விட்டார்கள், காத்திருந்தார்கள். பூ சுருங்கியே இருந்ததால் ஒரு மணி நேரம் கடந்தும் வாரியம் அவனைக் கூப்பிடவில்லை. அவள் ரசம் வைத்தாள். அவன் இரண்டு முறை வாங்கிக் குடித்தான். அவனும் தனியாள்தான்.

"உங்க வீட்டுல பூ இருக்கா?"

"அதுக்கு இன்னும் வயசு வரலம்மா. அதுவரைக்கும் நான் சந்தோஷமா இருக்கதாத்தான் கணக்கு."

நெடுநாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

வெயில் தாழ்ந்தபோது பாதம் பாறையைப் பற்றியது. கைகள் ஒவ்வொன்றாக நீண்டன.

"நான் அழுத நாள்லகூட இது விரிஞ்சுதான் இருந்துச்சு, தம்பி. அது ஏன்?"

ஆவுடையப்பன் யோசித்தான். "ஒண்ணக் கரிசனமாப் பாத்துக்கிட்டு இருக்கையில மூச்சுல கசப்பு வராது போலம்மா. நீங்க முக்கால்வாசி நேரமும் இதுகிட்டதான இருக்கிய. இத வளத்தவங்க அத நெனச்சுப் பாக்கல."

அவன் மார்பில் குத்தியிருந்த வாரிய வில்லை அதிர்ந்தது. பூ விரிந்தது, சந்திப்பு முடிந்தது என்று செய்தி. அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அதே நேரத்தில் ஜெரால்டு கூப்பிட்டான்.

"அம்மா, பூ விரிஞ்சிட்டு. இப்பதான் மூச்சே வந்துச்சு. டிக்கெட்ட ரத்து பண்ணிட்டேம்மா, இங்க வேலை குவிஞ்சு கெடக்கு. அடுத்த வருஷம் கண்டிப்பா."

எப்போதும் "சரிப்பா" என்று சொல்கிறவள் இன்று சொல்லவில்லை. "பூ நல்லாருக்குப்பா. நான்தான் நல்லா இல்ல. நீ வந்தா நல்லாருக்கும்."

மறுமுனையில் சட்டைக்கை உரசும் சத்தம் கேட்டது. அவன் மணிக்கட்டைப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"இல்லையேம்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் பாசத்துக்குக் குறைவில்லை. "எவ்வளவு அழகா விரிஞ்சிருக்கு. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. மனசப் போட்டுக் குழப்பிக்காம தூங்குங்க."

இணைப்பு அறுந்தது. தொட்டியில் பூ தன் கைகளையெல்லாம் விரித்து அசைத்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஆவுடையப்பன் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியபடி நின்றான். வில்லை மறுபடி அதிர்ந்தது. அடுத்த வீட்டில் ஒரு பூ சுருங்கியிருக்க வேண்டும். அவன் அதை ஒரு கையால் பொத்திக்கொண்டு கேட்டான்:

"ஞாயித்துக்கிழமை பூசை எத்தன மணிக்கும்மா?"