மூன்று பச்சை நாற்காலிகள்

"இந்தத் திரையைச் சோதிக்கப் போறது நீதான், வாசுகி," என்று கையடக்கத் திரை ஒன்றை நீட்டினார் நூலகத்தில் வேலை செய்யும் கோமளா அக்கா.

வாசுகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் அவள், இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரத்தான் வந்திருந்தாள்.

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"அதனாலதான் நீ. படிக்க எங்கே இடம் காலின்னு இந்தத் திரை சொல்லும். நாளைக்குத் தொடங்குறோம். நான் வாயே திறக்க மாட்டேன். மனசுல தோணுறதை எல்லாம் சத்தமா சொல்லிக்கிட்டே தேடு."

அமைதியாக இருக்கச் சொல்லும் பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

"சத்தமாவா? இங்கேயா?"

"மெதுவா சத்தமா," என்று கண் சிமிட்டினார் கோமளா.

"தப்பு செஞ்சிட்டா?"

"தப்பு திரை மேலதான். உன் மேல இல்ல."

வாசுகிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்துச் சோதனையும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

யாருக்காகத் தேடுவது? நூலக மாடிப்படியில் பக்கத்து வீட்டு மலர் அக்கா, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வு. வீட்டில் மூன்று தம்பிகள், ஒரே மேசை.

"மலர் அக்காவுக்கு இடம் தேடுறேன். சிவப்புன்னா ஆள் இருக்கு, பச்சைன்னா காலி. மேல் மாடியில மூணு பச்சை! அப்புறம் ஏன் அக்கா படியில இருக்காங்க?"

கோமளா சொன்னபடியே வாய் திறக்கவில்லை. பேனா மட்டும் ஓடியது.

மூவரும் மேலே போனார்கள். மூன்று நாற்காலிகளும் காலிதான். ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டிஷ்யூ பொட்டலம்! ஜன்னலோரம் இரண்டு மாணவிகள் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார்கள்.

"இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க," என்றாள் மலர். "ஒரு மணி நேரமா யாரும் வரல."

"அலமாக்! உட்கார்ந்தாத்தான் நாற்காலிக்குத் தெரியும். டிஷ்யூவுக்கு ஏது எடை!" என்று கத்தியே விட்டார் கோமளா. நான்கு பேர் "உஷ்" என்றார்கள்.

வாசுகி குனிந்து பார்த்தாள். மூன்று பொட்டலங்களிலும் பூனைப் படம். காலையில் அண்ணனின் பொட்டலங்களில் அவளே ஒட்டிய பூனைகள்!

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் அப்பா, அங்கே சாப்பாட்டுக் கடையில் இப்படித்தான் இடம் பிடிப்பாராம். அந்த வித்தை எல்லைப் பாலத்தைத் தாண்டி வந்து அண்ணனிடம் ஒட்டிக்கொண்டது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மலர் அக்கா கையில் இருந்த கசங்கிய நோட்டைப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் ரூபேந்திரன்தான்க்கா," என்றாள்.

பிறகு திரையைச் சுட்டிக்காட்டினாள். அவளே வழியும் சொன்னாள்.

"திரையில ஒரு டிஷ்யூ படம் வைங்க. பொட்டலத்தைப் பார்க்கிறவங்க அதைத் தொடட்டும். பதினஞ்சு நிமிஷம் பார்ப்போம். வரலைன்னா இடம் மத்தவங்களுக்கு."

"எதுக்குப் பதினஞ்சு நிமிஷம்? இப்பவே எடுத்துடலாமே!" என்றாள் மலர்.

"டாய்லெட் போனவங்க பாவம் இல்லையா?"

கோமளா சிரித்துவிட்டார். "நாளைக்கே வைக்கச் சொல்றேன். இன்னிக்கு?"

"இன்னிக்குச் சுவர்ல கடிகாரம் இருக்கே!"

பதினைந்து நிமிடம் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. மலரும் அந்த இரண்டு மாணவிகளும் உட்கார்ந்தார்கள். கோமளா கையில் இருந்த திரையில் மூன்று பச்சையும் சிவப்பாயின.

வெகுநேரம் கழித்து, கடையில் தே தாரிக் தேநீர் குடித்த தெம்போடு ரூபேந்திரனும் இரண்டு நண்பர்களும் வந்தார்கள். அப்படியே சிலையாக நின்றார்கள்.

"ஏய், இது எங்க இடம்லா!"

வாசுகி மூன்று பூனைகளையும் அவன் கையில் வைத்தாள்.

"இந்தாண்ணே, வேர்வையைத் துடைச்சுக்கோ. மாடிப்படியில இடம் காலியா இருக்கு."