மஞ்சள் ஜன்னல் இன்னும் காயவில்லை

கடையில் மிச்சமிருந்த கடைசிப் படகு பெயின்ட் டப்பாவின் மேல் இரண்டு கைகள் விழுந்தன. ஒன்று எர்சிலியாவுடையது. இன்னொன்று... யாருடையதாக இருந்தால் என்ன, விடப்போவதில்லை!

"விடுங்க. நான்தான் முதல்ல எடுத்தேன்."

"படகுக்கா?" என்றான் அவன். சட்டையெல்லாம் மரத்தூள். மழையில் நனைந்த இமைகள்... கண்களில் சிரிப்பு வேறு.

"ஜன்னலுக்கு."

"அதானே பார்த்தேன்! வருஷா வருஷம் உரியுதா?"

உரிகிறதுதான். மூன்று வருடமாகச் சுரண்டிச் சுரண்டி அவள் கைதான் தேய்ந்தது. ஆனால் வேறு பெயின்ட் என்று சொன்னால் அப்பா எவரிஸ்தோ வீட்டை இரண்டாக்கிவிடுவார். கஸ்த்ரோ ஊர்க் கரையில் தன் மஞ்சள் படகுக்கு வாங்கும் டப்பாதான் ஜன்னலுக்கும். இதில் சிரிக்க இவன் யார்?

"படகை வருஷம் தவறாம கரையேத்திச் சுரண்டி அடிக்கிறோம். ஜன்னலை யாரு ஏத்துறா? இது கல்லு மாதிரி இறுகிடும். மரமோ மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். பெயின்ட் வெடிச்சு தண்ணி உள்ள போகும்... வெளிய வராது."

"பாடம் கேட்க வரலை, மேஸ்திரி!" டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரமே, வெந்த கிழங்கில் இறங்குவது போல அவள் விரல் ஜன்னல் சட்டத்துக்குள் இறங்கியது. இன்னொரு குளிர்காலம் வந்தால் கண்ணாடியே விழுந்துவிடும். வீம்பை விழுங்கிக்கொண்டு, அவன் வேலை செய்யும் படகு கட்டும் துறையில் போய் நின்றாள்.

நொல்பெர்த்தோ... அதுதான் மேஸ்திரியின் பெயர். சிரிக்காமல் வந்தான். அழுகியதை வெட்டிப் புது மரம் வைத்தான், பழைய பெயின்ட்டைச் சுரண்டினான், மேலே தார்ப்பாய் கட்டினான்.

"மரம் நல்லா காயணும். அப்புறம் பிரைமர், மேல ரெண்டு கோட்டிங்... மரத்தோட சேர்ந்து இழுபடுற வெளிப்புறப் பெயின்ட். உங்க படகு மஞ்சளே கலந்துடலாம். எட்டு வருஷம் தொட வேண்டாம்."

படகு மஞ்சள் என்றதும் அப்பா கூட வாயை மூடிக்கொண்டார்.

பிறகு தினமும் மாலையில் வந்தான். வெளியே நின்று சட்டத்தைத் தட்டுவான். ஜன்னல் வழியாக அவள் நீட்டும் சூடான மாத்தே தேநீரை உறிஞ்சுவான். அவள் கண்களைப் பார்ப்பான்...

"இன்னும் காயலை. நாளைக்கு வர்றேன்."

பதினோரு நாள்! பாத்திரம் கழுவும்போது கூட அந்த முகம் வந்து நின்றது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"அது காஞ்சு நாலு நாளாச்சே..." என்றார் அப்பா, சட்டத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு.

அன்று மாலை அவள் மாத்தே நீட்டவில்லை.

"காஞ்சு நாலு நாளாச்சாம்! யாரை ஏமாத்துறீங்க?"

காது வரை சிவந்தான். "அஞ்சு நாள்..."

"அப்புறம் என்ன?"

"அடிச்சிட்டா எட்டு வருஷம் தாங்கும், எர்சிலியா. அதுவரைக்கும் என்ன காரணம் சொல்லிட்டு நான் இங்க வர்றது? உன்னைப் பார்க்காம... என்னால முடியாது."

தார்ப்பாயின் மேல் மழை கொட்டியது. அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் மாத்தேயை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"மர மண்டை!" என்றாள். "நாளைக்கே ஜன்னலை அடிச்சு முடி. முடிச்சிட்டு... கதவு வழியா வா."