செக்கிங் போன பிறகு

செல்வலட்சுமி தரையைத் துடைக்கக் குனிந்தாள். எதிர்ச் சுவரில் அவள் நிழலும் குனிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அறையில் வேறு யாருமில்லை.

சிவகாசிக்குப் போகிற ரோட்டில் புதிதாகத் திறந்த பட்டாசு மியூசியம் அது. திங்கள்கிழமை லீவு. மற்ற நாட்களில் இந்த ஒரு அறையைப் பார்க்கவே காரியாபட்டியிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருவார்கள். கூரையில் கேமரா, சுவர் முழுக்கத் திரை. யார் வந்து பாயில் உட்கார்ந்தாலும் அவர்கள் நிழல் பட்டாசுத் தொழிலாளியாக மாறி, குழாயில் வெடிமருந்து அடைக்கும். கையை ஆட்டினால் அதுவும் ஆட்டும். நிஜக் கம்பெனி மாதிரியே வாசலில் எழுதிக்கூட வைத்திருக்கிறார்கள், 'ஒரு அறைக்கு நான்கு பேர் மட்டும்' என்று. பிள்ளைகள் விளையாடும்போது பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால் இன்றைக்கு ரப்பர் பாயில் வெறுங்கால் உரசுகிற மாதிரி, அட்டைக் குழாய்கள் ஒன்றோடொன்று மெல்ல இடிபடுகிற மாதிரி, அவளுக்கு ரொம்பப் பழகிய ஒரு சத்தம் ஏசி இரைச்சலுக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. சுவரின் ஓரத்திலிருந்து நிழல்கள் ஒவ்வொன்றாக வந்து, தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு, முட்டி இடிக்க நெருக்கி உட்கார்ந்தன. பினாயில் வாடையைத் தள்ளிக்கொண்டு மருந்து வாடை எழுந்தது.

"பிரீத்திம்மா! இங்க ஆளுக இருக்காக!"

பிரீத்தி முதலாளி மகள். சென்னையில் படித்துவிட்டு வந்து இந்த அறையை உண்டாக்கியவள். அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டதுமே நிழல்கள் எழுந்தன. முதுகை வளைத்து, தலையில் கை வைத்து, இடது ஓரம் வழியாக ஓடி மறைந்தன.

"எங்கக்கா? நீங்களும் நானும்தான இருக்கோம்?"

"இப்பத்தாம்மா, ஏழு பேரு உக்காந்திருந்தாக."

"கேமரா பழைய உருவத்தப் பிடிச்சு வச்சிருக்கும். ஆஃப் பண்ணிட்டுப் போறேன், நாளைக்குப் பாப்போம். பேயிக்கும் டிக்கெட் போடணும் போலயே!"

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. அந்த ஓட்டம் அவள் ஓடிய ஓட்டம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில், தீபாவளி சீசன் நேரத்தில், நாலு பேர் அறைக்குள் எட்டுப் பேரை உட்கார வைப்பார்கள். அதிகாரிகள் செக்கிங் வந்தால் மிச்சப் பேர் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளியணும். ஜீப்பு போனதும் திரும்பி வரணும். அன்றைக்கும் எல்லாரும் திரும்பினார்கள். வயிற்றில் சினேகாவோடு இவள் மட்டும், காலில் ஏறிய முள்ளைப் பிடுங்க உட்கார்ந்துவிட்டாள்.

அறை வெடித்தது. ஏழு பேரும் போனார்கள்.

மகள் சினேகா மருந்தைத் தொடவே கூடாதென்றுதான், பிளஸ் டூ முடித்ததும் பிரீத்தியிடம் கெஞ்சிக் கேட்டு, இங்கே டிக்கெட் கிழிக்கிற வேலையில் சேர்த்துவிட்டிருந்தாள்.

திரை இருண்டது. வெளியே பிரீத்தியின் கார் கிளம்பியது.

கார் போய்விட்டது.

நிழல்கள் திரும்பி வந்தன.

ஏழும். இருட்டைவிடக் கறுப்பாக. நடுவில் ஒரு இடம் காலி.

"எம்மா, சாப்பிட வரலயா?" தூக்குவாளியோடு சினேகா. வந்தவள் பாயில் பொத்தென்று உட்கார்ந்தாள், அந்தக் காலி இடத்துக்கு நேர் எதிரே. "காலு வலிக்கி. இங்கனயே சாப்பிடுவமா?"

"எந்திரி."

"என்னம்மா..."

"எந்திரிடி! வெளிய வா!"

கையைப் பிடித்து இழுத்தாள். கதவு. வராந்தா. வாசல். வெயில்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" சினேகா சிரித்தாள்.

மண்ணில் ஒரே ஒரு நிழல். செல்வலட்சுமியுடையது. எதையும் பிடிக்காமல் நீண்டு நின்ற கை.

அவள் பிடிக்குள் மகளின் விரல்கள் அசைந்தன. அடைத்தன. தட்டின. அடைத்தன. யாரும் சொல்லித்தராத வேலை. நகக்கண்ணில் வெள்ளியாக மருந்து.

திரும்பிப் பார்த்தாள்.

திறந்த கதவுக்குள், அணைந்த சுவரில், அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து சினேகாவின் நிழல் மருந்து அடைத்துக்கொண்டிருந்தது. தலை தூக்கி இவளைப் பார்த்தது. பிறகு எல்லாருமாக, முட்டி இடிக்க, இன்னும் கொஞ்சம் நெருக்கி நகர்ந்தார்கள்.

இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் விட்டார்கள்.