கடிக்க முடியாத புட்டிங்

முந்திரியின் வீட்டில் எதையும் சட்டென்று வாயில் போட்டுவிட முடியாது. மேஜை மேல் ஆப்பிள் பளபளவென்று இருக்கும். கடித்தால் பல் ஆடும். ஒருநாள் அப்பா முட்டை பொரிக்கப் போனார். முட்டை உடையவே மாட்டேன் என்றதும் சுத்தியலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் அம்மாவின் கைவேலை. அந்த ஊரின் உணவகத் தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் சூப், நூடுல்ஸ், கேக் எல்லாம் இருக்கும். அத்தனையும் மெழுகு. மொழி தெரியாத வெளியூர்க்காரர்கள் விரலை நீட்டிக் காட்டினால் போதும், அதே பண்டம் சாப்பிட வந்துவிடும்.

கடைக்காரர்கள் அசல் பண்டத்தை அனுப்புவார்கள். அம்மா அதைப் பார்த்து மெழுகில் செய்வார். செய்து முடித்ததும் அசல் பிள்ளைகளுக்குத்தான். அம்மாவின் தொழிலிலேயே முந்திரிக்கும் தம்பிக்கும் ரொம்பப் பிடித்தது அதுதான்.

முந்திரி என்பது பட்டப்பெயர். யாரை எது கேட்டாலும் இவள் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். முந்திரிக்கொட்டை என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள், பிறகு சுருங்கிவிட்டது.

அன்று தெருக்கோடியில் ஒரு புதிய இனிப்புக் கடை திறப்பு. அந்தக் கடையின் மூன்று அடுக்குப் புட்டிங்கை அம்மா மெழுகில் செய்திருந்தார். இது பிடித்துவிட்டால் கடையின் எல்லா இனிப்புகளையும் அம்மாவே செய்யலாம். கொஞ்ச நாளாகவே வேறு வேலை எதுவும் வரவில்லை. அம்மா சரியாகத் தூங்கியே பல நாள் ஆகிவிட்டது.

"மெழுகு மேஜை மேல, அசல் ஃபிரிட்ஜுல. மாத்தி எடுத்துட்டுப் போயிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. மேஜை மேல் இருந்ததைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு முந்திரியுடன் கிளம்பினார்.

உணவகத் தெருவில் அப்பாவால் நேராக நடக்க முடியாது. கடைக்குக் கடை நின்றார்.

"இந்த சூப்பைப் பாரேன். ஆவி ஒண்ணுதான் வரல. உங்க அம்மா செஞ்சது."

"நேரமாச்சுப்பா."

"இந்த நூடுல்ஸ் கூட..."

"அப்பா!"

இனிப்புக் கடைக்கார அம்மா பெட்டியைத் திறந்து பார்த்து வாயைப் பிளந்தார். "அப்படியே அசல் மாதிரி இருக்கே. வாசனைகூட வருது."

அப்பா பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். முந்திரிக்குச் சுருக்கென்றது. மெழுகில் எப்படி வெண்ணிலா வாசனை வரும்?

அதற்குள் புட்டிங் கண்ணாடிப் பெட்டிக்குள், பெரிய விளக்கின் கீழே உட்கார்ந்துவிட்டது. வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. அப்போது அப்பாவின் கைபேசி அடித்தது. தம்பிதான்.

"அப்பா, ஃபிரிட்ஜுல இருந்த புட்டிங்கைக் கடிக்கவே முடியலப்பா."

"ஏன்டா?"

"காலையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேனா, அப்புறம் எது எதுன்னு எனக்கே மறந்துடுச்சு. அம்மா என்னையும் புட்டிங்கையும் தூக்கிட்டு அங்கதான் ஓடி வர்றாங்க."

அப்பாவின் முகம் வெளிறியது. கண்ணாடிக்குள் மேல் அடுக்கு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. செர்ரி வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

"ஓடிடலாமா?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

எப்போதும் முந்திக்கொள்ளும் முந்திரி இந்த முறை கொஞ்சம் யோசித்தாள். பிறகு நேராகக் கடைக்கார அம்மாவிடம் போனாள்.

"ஆன்ட்டி, அது அம்மா செஞ்சது இல்ல. நீங்க செஞ்சது. வீட்டுல மாறிப்போச்சு. அம்மா மேல தப்பே இல்ல."

கடைக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை பேர் பார்க்கறாங்களே பாப்பா. முதல் நாளே மானம் போயிடுமே."

"போகாது ஆன்ட்டி. கொஞ்சம் ஸ்பூன் கொடுங்க."

முந்திரி கண்ணாடிக் கதவைத் திறந்தாள். கூட்டம் அசையாமல் பார்த்தது. அந்தத் தெருவில் கண்ணாடிக்குள் இருப்பதை யாரும் தொட்டதே கிடையாது.

"எல்லாக் கடையிலயும் இதைப் பார்க்கத்தான் முடியும். இங்க சாப்பிடவும் செய்யலாம். ஆனா விழறதுக்குள்ள வாங்க."

முதல் ஸ்பூன் ஒரு குட்டிப் பெண்ணுக்கு. அவள் விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு" என்றாள். அவ்வளவுதான். புட்டிங் விழுவதற்கு முன்பே காணாமல் போய்விட்டது. சாப்பிட்டவர்கள் எல்லாரும் முழுசாக ஒன்று வேண்டும் என்று கடைக்குள் நுழைந்தார்கள். அப்பா ஓட்டத்தை மறந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.

அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "மன்னிச்சிடுங்க. பிள்ளை கடிச்சுட்டான். ராத்திரிக்குள்ள வழிச்சுச் சரி பண்ணிக் கொடுத்துடறேன்."

மெழுகுப் புட்டிங்கின் ஓரத்தில் தம்பியின் பற்கள் அழகாகப் பதிந்திருந்தன. கடைக்கார அம்மா அதையே உற்றுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"செஞ்சவங்க பிள்ளையே ஏமாந்து கடிச்சிருக்கான். இதைவிட என்ன வேணும்? அப்படியே வைங்க. மத்த இனிப்பெல்லாம் நீங்கதான் செய்யறீங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு எங்கோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

கடைக்கார அம்மா உள்ளேயிருந்து புதுப் புட்டிங் ஒன்றைக் கொண்டுவந்து தம்பியின் முன்னால் வைத்தார். அவன் அதை விரலால் தட்டிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். நம்பிக்கை வரவில்லை. அக்கா பக்கம் தள்ளினான்.

"நீ முதல்ல சாப்பிட்டுச் சொல்லு. அசலா, மெழுகா?"

முந்திரி ஒரு ஸ்பூன் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

"சரியாத் தெரியலடா," என்று அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.