மைக்கோட்டுக்கு வெளியே

வெறுமையாக இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு கொத்து இருந்தது. சொர்ணலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நீர்தோசையின் ஓட்டைகளைப் போலக் காற்றறைகள். புற்றுக்கட்டி முடியும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, ஓர் அறைக்குள், எதிலும் ஒட்டாமல் ஊதா நிறத்தில் செல்கள் மிதந்தன.

வேறு யாருடைய நுரையீரலாக இருந்தாலும் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். இது அவள் கணவன் ரவிக்குமாருடையது. ஆபரேஷனில் வலப்பக்கக் கீழ்மடலை எடுத்தாயிற்று. அந்தத் துண்டின் வெட்டு ஓரத்தில் பிரஷால் கறுப்பு மை தடவி, மை பிடிக்க வினிகர் தொட்டு, மெழுகில் வைத்துச் சீவியது அவள்தான். லேபில் அவள் வேலையே அது. இதை மட்டும் அடுத்தவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. மைக்கோடு வரை கட்டி எட்டவில்லையென்றால் நிம்மதி. ஆனால் காற்றறைகளில் இப்படி உதிர்ந்து பரவியிருந்தால், நோய் திரும்பி வரும்.

"சீவற கத்தி செல்லை இழுத்துட்டு வந்திருக்கும்மா, அஷ்டே, அவ்வளவுதான்," என்றார் லேப் டாக்டர் நஞ்சுண்டசாமி, ஸ்லைடை எட்டிப் பார்த்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டே. "புது பிளேடு போட்டு இன்னொண்ணு சீவிப் பாரு."

கத்தி இழுத்ததாகவே இருக்கட்டும், கடவுளே. தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. மழை தகரத்தில் இரைந்தது, சைலீன் நெடி தொண்டைவரை இறங்கியது, சீவும் மெஷினின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மெழுகுச் சுருள் நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. சாயம் ஏற்றி, கண்ணாடி மூடி, குனிந்தாள்.

கொத்துகள் இருந்தன. முதல் ஸ்லைடில் பார்த்ததைவிடத் தள்ளி. வரிசையாக. மைக்கோட்டைத் தாண்டி.

மைக்கு வெளியே சதை கிடையாது. வெறும் கண்ணாடி.

ச்சே, தூக்கக் கண்ணு. இந்த ஒரு மாதமாக எங்கே தூங்கினோம்? அலுப்போடு ஸ்லைடைத் தட்டில் வைத்தாள். யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விஜயநகர் வீட்டில் விளக்குப் போடவில்லை. செருப்பைக் கழற்றும்போதே வாசனை வந்தது.

"ஏனுங்க, வினிகர் ஏதாச்சும் கொட்டிருச்சா?"

"இல்ல புள்ள." ரவிக்குமார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இருமல் இல்லை. "இன்னிக்குத்தான் மூச்சு நெறைய வருது. ரெண்டு பக்கமும்."

"ஆபரேஷன் பண்ண டாக்டரு வலப்பக்கம் கீழ இப்ப வெறும் எடந்தான்னு..."

"தொட்டுப் பாரு."

அவள் கையைப் பிடித்துத் தையல் போட்ட இடத்தில் வைத்துக்கொண்டான். பனியனுக்கு அடியில் ஏதோ ஏறி இறங்கியது. அவன் மூச்சோடு அல்ல. அவன் மூச்சை நிறுத்தியபோதும் இறங்கியது. ஏறியது.

கையை இழுத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

வெள்ளைப் பனியனில் ஒரு கறுப்புக் கோடு ஊறிக்கொண்டிருந்தது. அவள் பிரஷ் இழுத்த அதே கோணல். நடுவில், அவள் பிரஷ் ஒரு கணம் நின்ற இடத்தில், அதே தடிப்பு.

கோட்டுக்கு வெளியே கொத்துக் கொத்தாகச் சின்னப் புள்ளிகள். விலா. தோள். போர்வை.

கடைசிக் கொத்து அவள் உள்ளங்கையில் இருந்தது. ஊதா நிறத்தில். மணிக்கட்டைப் பார்த்து நகர்ந்துகொண்டு.