வெறுந்தொண்டை

மதுரை மாநகரின் வரலாற்றில் தடித்த எழுத்தில் பதிக்கப்பட வேண்டிய ஒரு சம்பவம், ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, கோச்சடையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் நிகழ்ந்தது. பேராசிரியர் நல்லகாமன், எம்.எஸ்சி., எம்.ஃபில்., தமது கிட்டாரின் முதுகில் நடுவிரலால் தட்டினார். அது “டொக்” என்றது.

“தொம்” என்று சொல்லியிருக்க வேண்டும்.

இருபத்தாறு வருடமாகக் காலையில் பல் துலக்கியதும் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல அவர் அதைத் தட்டிவந்தார். இருபத்தாறு வருடமாக அது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மூச்சை விட்டாற்போல, “தொம்” என்று பதில் சொல்லிவந்தது.

நல்லகாமன் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவர். துறையில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். தலைமைப் பதவியைவிட அவர் பெருமையாக நினைத்தவை இரண்டு. எண்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் மைக் இல்லாமல் பாடம் நடத்தும் தன் தொண்டை ஒன்று. ஒயர் இல்லாமல் ஒலிக்கும் தன் கிட்டார் மற்றொன்று. ‘மைக் என்பது கோழையின் ஊன்றுகோல்’ என்று அவரே எழுதி, அவரே லேமினேட் செய்து, அவரே ஹாலில் மாட்டியிருந்தார். போன வருடக் கல்லூரி ஆண்டு விழாவில் அந்தக் கொள்கைப்படி மைக்கை நகர்த்திவிட்டு வாசித்தார். மூன்றாவது வரிசையிலிருந்து பின்னால் இருந்தவர்கள், சார் மேடையில் உட்கார்ந்து கிட்டாரைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். மடியில் வைத்தால் முகத்துக்கு நேராக வரும் பக்கவாட்டில், மரத்தை நீள்சதுரமாக அறுத்து எடுத்துவிட்டு, கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நான்கு திருகுகள், பேட்டரிக்கு ஒரு குட்டிக் கதவு. அறுத்த ரம்பம் கீழ்மூலையில் வழுக்கி, மீன்முள் மாதிரி நகநீளத்துக்கு ஒரு கீறலை விட்டிருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தார். பழைய அலமாரியைத் திறந்தாற்போன்ற மரவாசம் போய், ஈயம் பற்றவைத்த வாசம் வந்தது. ஆட்டினால் வயிற்றுக்குள் மெல்லிய ஒயர் ஒன்று மரத்தில் உரசி, சர்ர் என்றது.

விடைத்தாள் திருத்தத் திருநெல்வேலி போயிருந்தவர் முந்தின நாள் மதியம்தான் திரும்பியிருந்தார். மனைவி ஊற்றிய ரசத்தைக் குடித்துவிட்டு, கொஞ்சம் கண்ணசரலாம் என்று படுத்தவர், திங்கட்கிழமை காலையில்தான் எழுந்தார். பஸ் அலுப்பு என்று நினைத்திருந்தார்.

“பாண்டீஸ்வரி!”

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அதுவா? பத்ரி அண்ணே மாட்டிக் குடுத்தாருங்க. பிக்கப்பாம். இந்த வருசமாச்சும் நாலு பேருக்குக் கேக்கட்டும்னு.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா நீங்க பேசுவீங்கல்ல.”

கேட்காவிட்டாலும் பேசினார். நாற்பது நிமிடம் பேசினார். கம்பிகளைத் தாங்கும் எலும்புப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே, சத்தத்தை ஒயருக்குக் கடத்தும் பிக்கப் என்ற நாடாவைச் செருகினால், கம்பியின் நடுக்கம் மரத்துக்குள் முழுசாக இறங்காது என்றார். பெட்டியின் கனம் உடம்பை அமுக்கும் என்றார். ஓர் உடம்பு அதிர்வதற்கு எது வேண்டுமோ அதையே அறுத்தெடுத்துவிட்டு ஓட்டைக்கு மூடி போட்டால் அது இனிமேல் பாடாது, தகவல்தான் அனுப்பும் என்றார். இது நல்ல வாக்கியமாக அமைந்துவிட்டதால் இரண்டு தடவை சொன்னார்.

நடுவில் அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். “கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்.”

எல்லாம் முடிந்ததும், “எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே,” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காளவாசலில் சவுண்டு செட்டும் வாத்தியங்களும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார் பத்ரிநாத். முப்பது வருடச் சிநேகிதர். நல்லகாமன் கிட்டார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார். பையின் வார் பட்டு இடது விலாவில் அரித்துக்கொண்டே இருந்தது.

“வா மாப்ள. நானே வரணும்னு இருந்தேன்.”

“எனக்குத் தெரியாம அறுத்திருக்கியே, பத்ரி.”

“என்னது?” பத்ரி முன்னால் சாய்ந்தார். “பஸ்ஸு சத்தத்துல கேக்கல.”

“அறுத்திருக்கன்னேன்!”

“ஆமா. ஆளு முழிச்சிருந்தா அறுக்க விடுவானா?” கடகடவென்று சிரித்தார்.

“வெறுஞ்சத்தம் செத்துப்போச்சுடா.”

“கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். ஒயரச் சொருகுனா எவனுக்குத் தெரியப்போவுது? ஒயரில்லாதப்ப அத யாரு கேக்கா?”

“நான் கேக்குறேன்.”

“அதத்தான் சொல்றேன். நீ மட்டுந்தான் கேக்குற. முப்பது வருசமா எங்க காதையும் சேத்துப் பிடிச்சு வச்சுக்கிட்டு கேக்குற.”

நல்லகாமனுக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. “பழையபடி ஆக்கிக் குடு.”

“அறுத்தத ஒட்ட முடியாது மாப்ள. பேட்டரி புதுசு, ஆறு மாசம் ஓடும். எதத் திருகுனா எது குறையும்னு தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“அவளுக்கு எதுக்கு?”

பத்ரி டீ கிளாஸை எடுத்தார். கிளாஸுக்கு அடியில், அறுத்தெடுத்த மரத்துண்டு கிடந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு கிளாஸையும் நகர்த்தினார். அதன் அடியிலும் ஒரு துண்டு, அதே அளவில். அது மரம் இல்லை. வெளிறிய மாநிறம். வெயிலில் வைத்த அப்பளம்போல ஓரம் சுருண்டு மேலே எழும்பியிருந்தது. நடுவில் டீக்கறை வட்டம்.

“அது என்ன?”

“வேஸ்ட்டு,” என்று பத்ரி அதன்மேல் கிளாஸை வைத்தார். சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றையும் சுருட்டிய ஒயரையும் கொடுத்து, “வீட்ல வச்சுக்க, தேவப்படும்,” என்றார்.

திரும்பும்போது நல்லகாமன் ஷேர் ஆட்டோவைக் கோச்சடை ஸ்டாப்பில் நிறுத்தச் சொன்னார். ஆட்டோக்காரர் திரும்பவே இல்லை. இன்னொரு தடவை சொன்னார். எதிரே இருந்த பெண் அவர் வாயையே பார்த்துவிட்டுத் தன் மகளை மடியோடு இழுத்துக்கொண்டாள். இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தார்.

செவ்வாய்க்கிழமை கடைசி பெஞ்சிலிருந்து, “சார், கேக்கல,” என்றார்கள். திமிர் என்று நினைத்தார். புதன்கிழமை முதல் பெஞ்சிலிருந்தே சொன்னார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வித்யாஸ்ரீ, வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வியாழக்கிழமை அவர் வகுப்பு முழுவதும் கரும்பலகையில் எழுதியே ஓட்டினார். சாக்பீஸின் சத்தம் அவர் குரலைவிடப் பெரிதாக இருந்தது. முதல்வர் தனியே அழைத்து, மிகுந்த கருணையோடு, சட்டையில் செருகும் மைக் ஒன்றை நீட்டினார். நல்லகாமன் வாங்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொன்னது முதல்வருக்குக் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஹாலில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லோடு கல் உரசும் அந்த அடித்தொண்டைச் சத்தமும், ஊறின உளுந்தின் பச்சை வாசமும், ஜன்னல் வழியே வைகைப் பக்கமிருந்து வந்த சாக்கடை கலந்த ஈரக்காற்றும் ஹாலில் மெதுவாக நிரம்பிக்கொண்டிருக்க, லேமினேட் செய்த கொள்கையின் கீழே அந்த ஸ்பீக்கர் பெட்டி யாருக்காகவோ காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

“டீ குடு,” என்றார்.

கிரைண்டர் ஓடியது. எழுந்து போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார். காதருகே சொன்னார். அவள் மாவை வழித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். ஹாலுக்கு வந்து போனில் கூப்பிட்டார். அடுப்படியில் மணி அடித்தது.

“சொல்லுங்க.”

“டீ.”

“வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எதுக்குப் போன் பண்றீங்க?” என்றாள். “நல்லாத்தான கேக்குது.”

பிறகு கிரைண்டர் நின்றது. வீடு முழுவதும் அமைதியானது. அப்போதுதான் அவர் அதைக் கேட்டார். நாற்காலியில் உடம்பைத் திருப்பியபோது.

சர்ர்.

கிட்டாரைப் பார்த்தார். அது எதிர்ச் சுவரில் தொங்கியது. அசையவில்லை.

மறுபடி திரும்பினார். சர்ர். மெல்லிய ஒயர் எதிலோ உரசும் சத்தம். வெகு பக்கத்தில். மூச்சை இழுத்தார். சர்ர். விட்டார். சர்ர்.

நடுவிரலை மடக்கி, நெஞ்சில் தட்டினார்.

டொக்.

இன்னொரு தடவை தட்டினார். டொக்.

சட்டையைத் தூக்கினார். பனியனைத் தூக்கினார். ஐந்து நாளாக அரித்த இடம். இடது விலா.

கறுப்புப் பெட்டி. நான்கு திருகுகள். குட்டிக் கதவு. சுற்றிலும் தோல் சுத்தமாக ஆறியிருந்தது. கீழ்மூலையில் மீன்முள் மாதிரி ஒரு கீறல். நகநீளம். பத்ரியின் கை எப்போதும் அந்த மூலையில்தான் வழுக்கும்.

காளவாசலில் பார்த்த இரண்டாவது கிளாஸ் ஞாபகம் வந்தது. அதன் அடியில் கிடந்தது. டீக்கறை.

முதல் திருகைக் குனிந்து பார்த்தார். கடைசிவரை குறைத்து வைத்திருந்தார்கள். அதன்மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். உதிரவில்லை. பெருவிரல் ரேகை. இட்லி மாவு.

கத்தினார். அவருக்கே கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் தடவினார். இடுப்புக்கு மேலே, முதுகுத்தண்டின் அடியில், வட்டமாக, குளிர்ச்சியாக, ஓர் ஓட்டை. ஒயரின் முனை பொருந்துகிற அளவு. அவர் எழுந்தார். கோழையின் ஊன்றுகோல் என்ற எழுத்துக்குக் கீழே மண்டியிட்டார். ஒயரை எடுத்தார். ஒரு முனையை ஸ்பீக்கர் பெட்டியில் செருகினார். மறுமுனையைப் பின்னால் கொண்டுபோனார்.

கிளிக்.

விலாவிலிருந்த முதல் திருகை முழுவதும் ஏற்றினார்.

“பாண்டீஸ்வரி,” என்றது ஸ்பீக்கர்.

அவர் குரல்தான். மெலிந்த, தகரம் பூசிய, நடுவில் உடம்பே இல்லாத குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்ச் சுவரில் கிட்டாரின் கம்பிகள் தாமாக நடுங்கின.

“என்னைய என்னடி பண்ணீங்க?” என்றது ஸ்பீக்கர்.

அவள் வந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். விரல்களிலிருந்து மாவு சொட்டியது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொங்கும் பாலுக்கு அடுப்பைக் குறைப்பவள்போலக் குனிந்து, அவர் விலாவுக்குக் கையை நீட்டினாள். ஈரப் பெருவிரல் காய்ந்த ரேகையின் மேல் கச்சிதமாகப் பொருந்தியது.

“ஆமாண்ணே, இப்பத்தான் சொருகியிருக்காரு,” என்று போனில் சொல்லிக்கொண்டே திருகினாள். “இல்லண்ணே. ஒண்ணும் வித்தியாசம் தெரியல.”

ஸ்பீக்கர் அடங்கியது. மண்டியிட்டபடியே அவர் வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது.

மறுநாள் இட்லி மெத்தென்று வந்திருந்தது.