நாற்பத்தொன்றாம் தகட்டில் ஒரு பொட்டு

காலை 9.10. பிரிக்ஃபீல்ட்ஸ், பூக்கடைக்கு மேல்மாடி ஆய்வகம். ஹேமா நாற்பத்தொன்றாம் தகடு இருந்த பெட்டியைத் திறந்தாள், அலறினாள். கீழே மாலை கட்டிக்கொண்டிருந்த நான்கு பேர் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டார்கள்.

இறந்தவர் ஒரு ஹைபர் அணுக்கரு. சாதாரண அணுக்கருவுக்குள் லாம்டா என்ற துகள் வந்து தங்கினால் அந்தப் பெயர். ஆயுள், ஒரு நொடியில் ஐநூறு கோடியில் ஒரு பங்கு. பிறகு சிதைந்துவிடும். சிதைந்த தடம் மட்டும் கண்ணாடித் தகட்டில் பூசிய ஜெலட்டின் படலத்தில் நட்சத்திரம்போல நிற்கும். அதை நுண்ணோக்கியில் கண்டுபிடிக்க ஹேமாவுக்கு இரண்டு வருடம் ஆனது. 11 மணிக்கு அவளுடைய முனைவர் பட்டத் தேர்வு. தகட்டை நேரில் பார்த்தால்தான் நம்புவேன், படத்தை எவனும் வரைவான் என்று தேர்வாளர் எழுதியிருந்தார்.

இப்போது தகட்டில் படலமே இல்லை. வெறும் கண்ணாடி. நடுவில் ஒரு சந்தனப் பொட்டு.

9.40. இன்ஸ்பெக்டர் புஷ்பவல்லி வந்தார்.

"கடைசியா எப்ப பார்த்தே?"

"நேத்து ஆயுத பூஜை முடிஞ்ச பிறகு, மூணு மணிக்கு. அப்புறம் மேருல இருக்கிற வீட்டுக்குப் போயிட்டேன். மேடம், இல்லாததை இருந்ததா எழுதினேன்னு சொல்லிடுவாங்க!"

நுண்ணோக்கி, கணினி, கெட்டில் சுவிட்ச் என்று எங்கும் பொட்டு. வைத்தவள் உதவியாளர் தாமரை.

"தகட்டுல இருக்கிற பொட்டும் உன் வேலைதானே?"

"பெட்டி மேலதான் மேடம் வச்சேன். உள்ள கைவிட்டா ஹேமா என்னைக் கொன்னுடும் லா. ப்ரொஃபசர் ஃபிளாஸ்குக்கு வைக்கப் போனேன், கத்திட்டாரு. மிச்ச சந்தனத்தை மேசையில வச்சிட்டு ஹேமாகூடவே கிளம்பிட்டேன்."

பேராசிரியர் இராமலிங்கம் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊதிக் குடித்தார். பகுத்தறிவு மன்றத் தலைவர், கறுப்புச் சட்டை. "இந்தக் கூத்துக்கெல்லாம் நான் வர்றதில்லை. அது முடியட்டும்னு வெளிய போயிட்டு, நாலு மணிக்குத் திரும்பி வந்து கட்டுரை திருத்தினேன். அவ்வளவுதான்."

10.05. உதவாத பழைய தகடு ஒன்றைப் புஷ்பவல்லி குழாயடியில் பிடித்தார். பச்சைத் தண்ணீர். ஐந்து நிமிடமாகியும் படலம் அசையவில்லை.

"வெந்நீர் பட்டா?"

"பாலாடை மாதிரி கழண்டுடும்," என்றாள் ஹேமா.

புஷ்பவல்லி கெட்டிலைக் குனிந்து பார்த்தார். சுவிட்சின் மேல் சந்தனம் விரிசல்கூட விடாமல் காய்ந்திருந்தது.

10.20. "பூஜைக்குப் பிறகு கெட்டிலை யாரும் தட்டலை. அப்ப வெந்நீர் எங்கிருந்து வந்துச்சு, ப்ரொஃபசர்?"

எல்லோரும் ஃபிளாஸ்கைப் பார்த்தார்கள். தாமரை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நுண்ணோக்கி எண்ணெய் ஒட்டின தகட்டுல சந்தனம் நிக்காது. அதான் பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி வெந்நீர்ல துடைச்சிருக்கீங்க."

இராமலிங்கம் குவளையை மேசையில் வைத்தார். "படலம் இல்லாத பின்பக்கம்னு நினைச்சேன். பதட்டத்துல திருப்பிப் பிடிச்சிட்டேன். கும்பிட்டுப் பழக்கமில்லை பாருங்க."

"சார், நீங்களா?" ஹேமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்காகத்தாம்மா, தேர்வு நல்லா நடக்கணும்னு... இன்ஸ்பெக்டர், திருடினேன்னு எழுதிக்குங்க. கும்பிட்டேன்னு மட்டும் எழுதாதீங்க."

"திருட்டுன்னா, இவளே ஒளிச்சிட்டான்னுதான் பேசுவாங்க," என்றார் புஷ்பவல்லி.

11.00. தேர்வாளர் வேலாயுதம் படியேறி வந்தார். பகுத்தறிவு மன்றத்தின் செயலாளரும் அவரே. அவருக்கும் கறுப்புச் சட்டை. இராமலிங்கம் தகட்டை இரு கையாலும் ஏந்தி, எதையும் விடாமல் சொன்னார்.

வேலாயுதம் தகட்டைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ராமலிங்கம், நீ பொய் சொல்றதா இருந்தா வேற எதையாச்சும் சொல்லியிருப்பே." ஹேமா பக்கம் திரும்பினார். "படங்களைக் கொண்டாம்மா. நம்புறேன்."